வியாழக்கிழமைச் சோறு

கொக்குவிலில் பதினெட்டு வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த பத்மராணிக்கு நியூ ஜெர்சியில் கிடைத்த வேலை, எல்ம் தெருவில் இருந்த ஒரு பழைய தியேட்டரில் பாப்கார்ன் விற்பது. படம் தொடங்கியதும் கண்ணாடியைத் துடைப்பாள், முடிந்ததும் இருக்கைகளுக்கு நடுவே சிந்தியதைக் கூட்டுவாள். அவளுக்கு அதில் வெட்கம் எதுவும் இருக்கவில்லை. ஐந்து மாதம் ஜன்னலே இல்லாத கட்டடத்தில் அடைபட்டிருந்தவளுக்குத் தெருவைப் பார்க்கிற எந்த வேலையும் நல்ல வேலைதான்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் மோரீன் டெலனி. ஐம்பத்தெட்டு வயது, நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள், பாட்டன் பாட்டி அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தொண்ணூற்றேழில் பத்மராணி விமான நிலையத்தில் இறங்கி, கையில் இருந்த கடவுச்சீட்டு தன்னுடையது இல்லை என்று தானே ஒப்புக்கொண்டு அடைக்கலம் கேட்டபோது, நேராகக் கொண்டுபோய்த் தடுப்பு முகாமில் போட்டார்கள். அங்கே புதன்கிழமை தோறும் ஒரு தேவாலயக் குழு அடைபட்டவர்களைப் பார்க்க வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இந்தப் பக்கம் இருப்பவரோடு தொலைபேசியில் அரை மணி நேரம் பேசலாம். மோரீன் இருபது புதன்கிழமை வந்தாள். பனி கொட்டிய நாளிலும் வந்தாள். "உன் மகளுடைய பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்" என்று கேட்டு, மதுஷா என்ற பெயரைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, "இதைக் கழுவும்வரை பிரார்த்தனை செய்வேன்" என்றாள். கடைசியில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு வெளியில் கொண்டுவந்தவளும் அவள்தான்.

ஆகையால் மோரீன் கெட்டவள் என்று இந்தக் கதையில் எங்கும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் பத்மராணிக்கு அது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மதுஷா அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில், பத்மராணியின் தங்கை ருக்மிணியோடு இருந்தாள். தகப்பன் தபால் கந்தோரில் வேலை செய்தவர், தொண்ணூற்று மூன்றில் ஷெல் விழுந்து போய்விட்டார். தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள் நடந்தபோது தாயும் மகளும் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினார்கள். பிறகு வன்னி, வவுனியா, கொழும்பு. கொழும்பு லாட்ஜில் இரண்டு தரம் பொலிஸ் வந்து பத்மராணியைக் கொண்டுபோனது. இரண்டாம் தரம் பதினொரு நாள் வைத்திருந்தது. அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவள் வக்கீலிடம் மட்டும்தான் சொன்னாள். இருந்த காசுக்கு, கள்ளக் கடவுச்சீட்டு ஏற்பாடு செய்யும் ஏஜென்டால் ஒருவரைத்தான் அனுப்ப முடிந்தது. தாய் முதலில் போய்ப் பிள்ளையைக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

கூப்பிடுவதற்கு ஒரு கெடு இருந்தது. அடைக்கலம் கிடைத்தவர் தன் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆகிவிடக் கூடாது. மதுஷாவுக்கு இரண்டாயிரமாம் ஆண்டு பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி இருபத்தொன்று. வழக்கு விசாரணை தொண்ணூற்றொன்பது ஏப்ரல் ஆறாம் திகதி. "ஏப்ரலில் கிடைத்தால் பத்து மாதம் இருக்கிறது, தாராளம்" என்றார் வக்கீல். அவர் கூலி வாங்காமல் வாதாடுகிறவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். முக்கிய சாட்சி மோரீன். ஒரு வருடமாக அருகிருந்து பார்த்த உள்ளூர்க்காரி, தேவாலயத்தில் மதிப்புள்ளவள், இந்தப் பெண் நேர்மையானவள் என்று சொன்னால் நீதிபதியிடம் எடுபடும் என்பது அவருடைய கணக்கு.

அவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும், சட்டப் பேச்சில் பிழை வரக் கூடாது என்று வக்கீலுக்கு மொழிபெயர்க்க ஞானேஸ்வரன் வருவார். எண்பத்து நான்கிலேயே அமெரிக்கா வந்துவிட்ட யாழ்ப்பாணத்துக்காரர், மான்மவுத் ஜங்ஷனில் வீடு, ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். பத்மராணி அவரை ஞானம் அண்ணை என்று கூப்பிடுவாள். அவள் தடுப்பிலிருந்து வெளியில் வந்த முதல் நாளே, ஊர்க் கதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் அவளைக் காருக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"இஞ்சை பாருங்கோ ராணி, சோத்துப் பார்சல் கதையை மட்டும் ஒருத்தரிட்டையும் எடுக்காதேங்கோ."

"நான் துவக்கே குண்டே குடுத்தனான் அண்ணை? சோறும் பருப்பும்தானே குடுத்தனான்."

"தொண்ணூற்றேழு ஒக்டோபரில இவங்கள் இயக்கத்தைப் பயங்கரவாதிப் பட்டியலில போட்டுட்டாங்கள். இனிச் சோறெண்டாலும் உதவிதான். அப்பிடித்தான் சட்டத்தில எழுதிக் கிடக்கு. கேட்டாச் சொல்லத்தான் வேணும், கேளாமல் நாங்களாப் போய்ச் சொல்லக் கூடாது."

அவள் தலையாட்டினாள். ஊரில் அவளுடைய ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பதினான்கு வீடு. கிழமைக்கு ஏழு நாள், நாளுக்கு இரண்டு வீடு, வீட்டுக்கு ஐந்து பார்சல். அவள் வீட்டு முறை வியாழக்கிழமை. வாழையிலையில் சோறு வைத்து, பருப்பும் ஒரு கத்தரிக்காய்ப் பிரட்டலும் வைத்து, பழைய பேப்பரில் சுற்றி வேலிப் படலையடியில் வைத்தால் இயக்கப் பையன்கள் சைக்கிளில் வந்து எடுத்துப் போவார்கள். விருப்பப்பட்டுக் கொடுத்தாளா, பயந்து கொடுத்தாளா என்று கேட்டால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அவர்கள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் ஒருவரைக் கம்பத்தில் கட்டிச் சுட்டபோது அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த வியாழக்கிழமை சமைத்தாள். எடுத்துப் போக வந்தவர்களில் சிலர் அவளிடம் படித்த பிள்ளைகளின் தம்பிமார். கன்னம் ஒட்டிப் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் பருப்பு வைத்திருக்கலாமே என்று தோன்றும். இதற்கெல்லாம் சட்டத்தில் என்ன பெயர் என்று அவள் அப்போது யோசித்ததில்லை.

வெளியில் வந்த பிறகு அவள் தங்கியது சாரதாவின் வீட்டில். ஞானேஸ்வரன் தமிழ்ச் சங்கத்தில் பேசிப் பிடித்துக் கொடுத்த இடம். சாரதாவுக்கு ஈரோடு. கணவர் நஞ்சப்பன் சாஃப்ட்வேரில் இருந்தார். ஐந்து வயதில் கயல் என்று ஒரு மகள். கீழ்த்தளத்து அறை பத்மராணிக்கு, காலையில் கயலைப் பள்ளிக்கு அனுப்புகிற பொறுப்பும் அவளுக்கு. சாரதா வாயாடி, நல்ல மனசுக்காரி. "அக்கா, நீங்க பேசற தமிழ கேட்டுட்டே இருக்கலாம் போங்க" என்பாள். நஞ்சப்பன் அதிகம் பேச மாட்டார்.

மோரீன் ஆறு வருடமாக அந்தத் தியேட்டரில் மார்ச் மாதம் ஐரிஷ் திரைப்பட விழா நடத்திவந்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் படமும் பாட்டும். தொண்ணூற்றொன்பதில் விழா பெரிதாக இருந்தது. அயர்லாந்தில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வருடம் ஆகப்போகிறது, எல்லாருக்கும் அந்தச் சந்தோஷம். தியேட்டர் வாசலில் பச்சைத் தோரணம். பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சோடா ரொட்டியும் தேநீரும் விற்கும் மேசை. தேநீர் போடும் பொறுப்பு பத்மராணிக்கு. "கடைசியில் இந்த ஊரில் சாயம் உள்ள தேநீர் கிடைக்கிறது" என்று ஒரு கிழவர் நாலு தரம் வந்து வாங்கிக் குடித்தார்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே மோரீன் சொல்லியிருந்தாள்: "ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கச்சேரியில் உன்னை மேடைக்குக் கூப்பிடுவேன். வீட்டை இழந்தவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை என்று சொல்வேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், வந்து நின்றால் போதும். உங்கள் ஊர் உடை உடுத்தி வா."

சனிக்கிழமை மாலை ஒரு பழைய படம். தேநீர் மேசையை மூடிவிட்டுப் பத்மராணி பின்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடக்கிற கதை. மலையடிவாரத்தில் ஒரு கைம்பெண், கற்சுவர் கட்டிய சின்ன வயல். பட்டாளத்துக்கு மறைந்து மலையில் திரிகிற இளைஞர்களுக்காக அவள் அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் ஒரு துணியில் முடிந்து சுவரின் மேல் வைப்பாள். மறுநாள் துணி மட்டும் மடித்து வைத்திருக்கும். அவர்களில் யார் எடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் பட்டாளம் வந்து துணியைக் கண்டுபிடித்து அவள் வீட்டுக்கு நெருப்பு வைக்கிறது. மலையில் இறந்து கிடப்பவர்களை இறக்கிக் கொண்டுவரும்போது அயல்பெண்கள் சுற்றி உட்கார்ந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக் குரலெடுத்து அழுகிறார்கள். அந்த மொழி தெரியாவிட்டாலும் அது ஒப்பாரி என்று பத்மராணிக்குத் தெரிந்தது. செத்த வீட்டில் கேட்ட அதே இழுவை.

விளக்கு எரிந்தபோது அரங்கம் முழுக்க மூக்கைச் சிந்தும் சத்தம். பத்மராணிக்குத் தன் முகமும் நனைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. சனம் வெளியே வந்து தேநீருக்கு நின்றது. ஆளாளுக்கு அந்தக் கைம்பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. "என் பாட்டியும் அப்படித்தான் செய்தாளாம்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். "எங்கள் வீட்டிலும்தான்" என்றார் இன்னொருவர். அதைக் கேட்கக் கேட்கப் பத்மராணிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஒன்றரை வருடமாகப் பூட்டி வைத்திருந்ததை இங்கே, இந்தச் சனத்துக்கு நடுவே, ஒளிக்கத் தேவையில்லை என்று பட்டது.

கூட்டம் குறைந்ததும் மோரீன் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"நீயும் அழுதாய். பார்த்தேன். இந்த அரங்கத்தில் யாருக்குப் புரிந்ததோ இல்லையோ, உனக்குப் புரிந்திருக்கும்" என்றாள்.

"புரிந்தது மோரீன்" என்றாள் பத்மராணி தன் நிதானமான ஆங்கிலத்தில். "நானும் அப்படிச் செய்தேன். வியாழக்கிழமைகளில். ஐந்து பார்சல்."

"யாருக்கு?"

"பையன்களுக்கு. எங்கள் பையன்களுக்கு. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் கொடுத்தது."

மோரீனின் கை அவள் தோளில் இருந்தது. அது விலகவில்லை, ஆனால் அதில் இருந்த பாரம் போய்விட்டதைப் பத்மராணி உணர்ந்தாள்.

"பையன்கள் என்றால்? செய்தியில் வருகிறார்களே, குண்டைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்... அவர்களா?"

அப்போதுதான் பத்மராணிக்கு விளங்கியது. வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி எடுக்க முடியாது. "பசியோடு வருவார்கள்" என்றாள். "படத்தில் அந்த அம்மா..."

"அது வேறு, பத்மா. அது எண்பது வருடத்துக்கு முந்திய கதை." மோரீன் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. "இதை நீ என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லையே."

உள்ளேயிருந்து யாரோ மோரீனைக் கூப்பிட்டார்கள். அவள் போனாள். பத்மராணி தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள்.

வீட்டுக்கு வந்து சாரதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாரதா அவளுக்காகத் தன் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். மாம்பழ மஞ்சளில் கரை. "ஐரிஷ்னா க்ரீன்தானேக்கா? மேட்சா இருக்கும். நானும் கயலும் வர்றோம், கேமரா எடுத்துட்டு வர்றேன். உங்க பொண்ணுக்கு போட்டோ அனுப்பலாம்" என்றாள். பத்மராணி வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். காரணம் கேட்டால் சொல்ல வேண்டி வரும் என்று புடவையை வாங்கிக்கொண்டாள். ஒரு மனம், மோரீன் நல்லவள், இரவு யோசித்திருப்பாள், காலையில் சரியாகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. மேடையில் பிடில், குழல், கைமேளம், கையிடுக்கில் துருத்தியை வைத்து அமுக்கி வாசிக்கும் ஒரு வாத்தியம். வேகமான பாட்டு வந்தால் சனம் தரையில் காலால் தாளம் போடுகிறது. சாரதாவும் கயலும் மூன்றாவது வரிசையில். பத்மராணி மேடைக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில், மோரீன் முன்பு சொல்லி வைத்த இடத்தில், பச்சைப் பட்டு உடுத்தி, கனகாம்பரம் கிடைக்காததால் கொண்டையில் ஒரு வெள்ளை ரோசா வைத்து நின்றாள்.

நடுவில் ஒரு வயதான பெண் வாத்தியமே இல்லாமல் பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு பாடியவளின் கையை அருகில் இருந்தவர் பிடித்து, பாட்டின் அசைவுக்கு ஏற்ப மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். பாடுகிறவர் தனியே விடப்படக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். கப்பலில் பிள்ளையை ஏற்றிவிட்டு நிற்கும் தாயின் பாட்டு என்று மோரீன் மைக்கில் விளக்கம் சொன்னாள். "அந்தத் தாய் இன்றைக்கும் ஏதோ ஒரு கரையில் நிற்கிறாள்" என்றாள். பத்மராணி ஒரு படி முன்னால் வந்தாள். கூப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

மோரீன் அவள் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, அடுத்த பாட்டுக்காரரின் பெயரை வாசித்தாள்.

"மா, வென் இஸ் ஆன்ட்டி கோயிங் அப்?" என்று கயல் கேட்டது படிவரை வந்தது.

"இரு கண்ணு, கூப்பிடுவாங்க" என்றாள் சாரதா. கேமராவை மடியிலிருந்து எடுக்கவில்லை.

இன்னும் ஐந்து பாட்டு இருந்தது. ஐந்துக்கும் பத்மராணி அந்த இடத்திலேயே நின்றாள். நகர்ந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நின்றாள். கடைசியில் எல்லாரும் எழுந்து கைகோத்துப் பாடினார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் அவளுடைய கையையும் பிடித்துக்கொண்டார். "அழகான உடை" என்றார். கூட்டம் கலைந்த பிறகு பத்மராணி புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே கூட்டினாள். அது அவளுடைய வேலை, அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பகலில், தியேட்டர் காலியாக இருந்த நேரத்தில், மோரீன் வந்தாள். பத்மராணி பாப்கார்ன் இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மோரீன் மேல்கோட்டைக் கழற்றவில்லை.

"நான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை" என்றாள். "சத்தியம் செய்துதான் சாட்சி சொல்ல வேண்டும். இவள் எந்த ஆயுதக் குழுவுக்காவது உதவியதாக உனக்குத் தெரியுமா என்று கேட்டால், நான் என்ன சொல்வது? எனக்குத் தெரியும். முன்பு தெரியாது, இப்போது தெரியும்."

"தெரிந்ததைச் சொல்லுங்கள். சோறு கொடுத்தாள் என்று சொல்லுங்கள். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை."

"அது உன்னைத்தான் கெடுக்கும் பத்மா. நான் வராமல் இருப்பதுதான் உனக்கு நல்லது. வக்கீலிடம் பேசிவிட்டேன்."

"எனக்கு நல்லதா?"

மோரீனின் உதடு நடுங்கியது. அதைப் பார்த்ததும் பத்மராணிக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. தான் அழ வேண்டிய இடத்தில் இவள் அழப் போகிறாளே என்று வந்த கோபம்.

"மோரீன், உங்கள் படத்தில் அந்தப் பெண் சுவரில் ரொட்டி வைத்தாள். நீங்கள் எல்லாரும் அழுதீர்கள். உங்கள் பாட்டிகளும் வைத்தார்கள் என்று சொன்னீர்கள். அந்த நாளில் அந்தப் பையன்களுக்கு என்ன பெயர் சொன்னார்கள்? நான் சரித்திர டீச்சர் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். நான் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? என் சோறும் பாட்டாக மாற எத்தனை வருடம்?"

"அவர்கள் பொதுமக்களைக் கொல்கிறார்கள், பத்மா."

"ஆம், கொல்கிறார்கள்" என்றாள் பத்மராணி. "எங்கள் ஆட்களையும் கொன்றார்கள். அதற்கும் நான்தான் அழுதேன்."

மோரீன் அவள் கையைத் தொடப் போனாள். கையில் எண்ணெய் என்று பத்மராணி விலக்கிக்கொண்டாள்.

மறுநாள் வக்கீலின் உதவியாளர் சாரதா வீட்டுத் தொலைபேசியில் செய்தி விட்டார். சாட்சி விலகிவிட்டார், ஆயுதக் குழுவுக்கு உதவிய விஷயமாக உடனே பேச வேண்டும் என்று தெளிவான ஆங்கிலத்தில். வேலையிலிருந்து திரும்பி அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டவர் நஞ்சப்பன். அவர் பத்மராணியிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாரதா கீழே இறங்கி வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கிரீன் கார்டு கடைசி ஸ்டேஜ்ல இருக்கு. அட்ரஸ் செக் பண்ணுவாங்க, வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேப்பாங்கன்னு இவரு பயப்படறாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"விளங்குது சாரதா."

"எதுக்குக்கா அவங்ககிட்ட போய்ச் சொன்னீங்க? நான் கேட்டேனா? எங்ககிட்ட சொன்னீங்களா?"

பத்மராணி பெட்டியை அடுக்கினாள். கயலுக்கு, ஆன்ட்டி வேலைக்குப் பக்கத்தில் வீடு மாறுகிறாள் என்று சொல்லப்பட்டது. ஞானேஸ்வரன் எடிசனில், மரகதம் என்ற ஒரு நர்சின் அடுக்குமாடி வீட்டில், அறை பிடித்துக் கொடுத்தார். காரில் போகும் வழியெல்லாம் அவர் திட்டவில்லை. இறங்கும்போதுதான் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "படம் பாத்து அழுற சனத்தை நம்பிப் போட்டியள் பிள்ளை."

ஏப்ரல் ஆறாம் திகதி நீதிமன்றத்தில் வக்கீல் தவணை கேட்டார். வேறு சாட்சி தேட வேண்டும், மருத்துவரின் அறிக்கை ஒன்று எடுக்க வேண்டும் என்றார். நீதிபதி தன் புத்தகத்தைப் புரட்டினார். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டப் புரட்டப் பத்மராணி உதட்டுக்குள் மாதங்களை எண்ணினாள். இரண்டாயிரமாம் ஆண்டு ஜூன் பத்தொன்பது என்றார். பெப்ரவரி பன்னிரண்டு எங்கே, ஜூன் பத்தொன்பது எங்கே. வக்கீல் எழுந்து முந்திய திகதி கேட்டார். இல்லை என்றார்கள்.

பெப்ரவரி பன்னிரண்டு அன்று அவள் கொழும்புக்கு அழைத்தாள். ருக்மிணி கேக் வெட்டியதாகச் சொன்னாள். மதுஷா, "இனி என்ன அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூனில் விசாரணை ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. பதினொரு நாள் பொலிஸில் இருந்ததைப் பற்றிக் கேட்டார்கள். மருத்துவர் எழுதிய தழும்புகளைப் பற்றிக் கேட்டார்கள். எதிர்ப்பக்க வக்கீல் ஒரு பெண், சளி பிடித்திருந்தது, சுருக்கமாக முடித்துக்கொண்டாள். ஷெல், நாவற்குழி, வவுனியா, லாட்ஜ் எல்லாம் கேட்டவர்கள் சோற்றைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்தக் கேள்விக்கு அஞ்சி மோரீன் விலகினாளோ அதை யாரும் கேட்கவே இல்லை. நீதிபதி அடைக்கலம் வழங்குவதாகச் சொன்னார். ஞானேஸ்வரன் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். பத்மராணி, "நன்றி சொல்லுங்கோ அண்ணை" என்றாள்.

அந்த வாரமே மோரீன் எடிசனுக்கு வந்தாள். எப்படியோ விலாசம் விசாரித்து, கையில் எலுமிச்சைக் கேக்கோடு. கதவைத் திறந்ததும் அழுதாள். "தினமும் பிரார்த்தனை செய்தேன். ஒரு நாள்கூட விடவில்லை" என்றாள். அது பொய் இல்லை என்று பத்மராணிக்குத் தெரியும். உட்காரச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

"இனி உன் மகளைக் கூப்பிட்டுக்கொள்வாய்" என்றாள் மோரீன்.

"மதுஷாவுக்கு இருபத்தொரு வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது" என்றாள் பத்மராணி.

"ஓ! இருபத்தொன்றா! பெரிய பிறந்தநாள் ஆயிற்றே. என் வாழ்த்தைச் சொல், என்ன?"

பத்மராணி அவளையே பார்த்தாள். கெடுவைப் பற்றி முதல் நாளே கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவளிடம் சொல்லியிருந்தாள். மோரீன் அதை மறந்திருந்தாள். பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டவளுக்கு வயது நினைவில் நிற்கவில்லை. எடுத்துச் சொல்லலாமா என்று பத்மராணி ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் மறுபடி அழுவாள், மறுபடி தேற்ற வேண்டும். "சொல்கிறேன்" என்றாள். கேக்கை மரகதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைத்துவிட்டாள்.

மதுஷாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. ருக்மிணி சொல்லியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்:

"நீங்கள் ஏன் அம்மா அவவுக்குச் சொன்னனீங்கள்?"

"அண்டைக்கு அந்தப் படம்..."

"படமோ? ஒரு படத்தைப் பாத்திட்டோ?"

"அவைக்கு விளங்கும் எண்டு நினைச்சன் பிள்ளை."

"எனக்கு விளங்கேல்லை அம்மா" என்றாள் மதுஷா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பத்மராணிக்கும் ஏதாவது சொல்ல வாய்த்திருக்கும்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் கதைக்கிற கதை சுருங்கியது. சுகமா, சுகம். மழையா, வெயிலா. தியேட்டர் வேலையைப் பத்மராணி விட்டுவிட்டாள். மரகதம் சொல்லி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சேர்ந்தாள். மார்ச் மாதங்களில் விழா அழைப்பிதழ் தபாலில் வந்தது. மோரீன் அதன் ஓரத்தில் கையால் இரண்டு வரி எழுதியிருப்பாள். பத்மராணி போகவில்லை.

இரண்டாயிரத்தொன்று ஜூலையில் மதுஷாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை நோர்வேயில் இருப்பவர், கோண்டாவில் ஆட்கள். கல்யாணம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். எந்த நாட்டுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று சத்தியம் செய்தாளோ, அந்த நாட்டுக்கு அவள் போக முடியாது. தாய் நிற்க வேண்டிய இடத்தில் ருக்மிணி நின்றாள். தாலி கட்டி முடிந்த பிறகு அழைக்கச் சொல்லியிருந்தார்கள். பத்மராணி குளித்து, சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்திவிட்டு அழைத்தாள். பின்னால் மேளமும் சனத்தின் இரைச்சலுமாக இருந்தது.

"எல்லாம் நல்லா நடந்தது அம்மா" என்றாள் மதுஷா. "ஐயர் சொன்ன நேரத்துக்கே முடிஞ்சுது. இந்தாங்கோ, இவர் கதைக்கிறாராம்."

தொலைபேசி கை மாறியது. இதுவரை கேட்டிராத ஓர் ஆண்குரல், கொஞ்சம் கூச்சத்தோடு, இரைச்சலுக்கு மேலால் கத்தியது:

"மாமி, நான் கதைக்கிறது கேக்குதே?"

"கேக்குது தம்பி" என்றாள் பத்மராணி. "சொல்லுங்கோ."